வைகையை எங்கே கடப்பது? மதுரை வழியாக என்.எச். 44-ல் போகிறவர்கள் சமயநல்லூருக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது

பெங்களூருவில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பும் கார், ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று இறங்கி, சுமார் 435 கி.மீ. ஓடி, விடியும் நேரத்தில் மதுரை எல்லையைத் தொடும். வழியில் பரமத்தி வேலூரில் காவிரியைக் கடக்கும்போது தூங்கிக்கொண்டு வருபவர்கள்கூட ஒரு நிமிடம் எழுந்து ஜன்னலைப் பார்ப்பார்கள். வைகைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. துவரிமான் பக்கம் நான்குவழிச்சாலைப் பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு, "மதுரை ஆறு எப்போ வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வருடத்தின் பெரும்பகுதி கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, மதுரையில் போக்குவரத்தைத் தீர்மானிப்பது இந்த ஆறுதான். ஊரை வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரித்து நடுவில் ஓடுகிறது. பாலங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே இங்கே வழி கேட்பது என்றால், ஆற்றை எங்கே கடக்கணும், கடக்கவே வேணுமா என்று கேட்பதுதான். இந்த முடிவைக் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றுகொண்டு எடுத்தால் ஒரு மணி நேரம் போச்சு. சமயநல்லூருக்கு முன்பே எடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் ஊரைத் தாண்டிவிடலாம்.

பொங்கலுக்கு அலங்காநல்லூர் வருபவர்கள், குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள், கன்னியாகுமரிக்கு லாங் டிரைவ் போகிறவர்கள், வீக்எண்டில் வீட்டுக்கு வரும் ஐடி ஊழியர்கள் என்று எல்லோருக்கும் இது பொருந்தும்.

எது எந்தக் கரையில்?

மீனாட்சியம்மன் கோயில், ரயில்வே ஜங்ஷன், பெரியார் பஸ் ஸ்டாண்டு, ஆரப்பாளையம், திருப்பரங்குன்றம், அவனியாபுரம், விமான நிலையம், நாகமலை புதுக்கோட்டை, காமராசர் பல்கலைக்கழகம், தோப்பூர், கீழடி எல்லாம் தென்கரை. மாட்டுத்தாவணி, உயர் நீதிமன்றக் கிளை, கலெக்டர் ஆபீஸ், அரசு ராஜாஜி மருத்துவமனை, அண்ணா நகர், கே.கே. நகர், அழகர்கோவில், வாடிப்பட்டி, பாலமேடு, அலங்காநல்லூர் வடகரை.

தோப்பூர் என்றதும் ஒரு சின்ன எச்சரிக்கை. இதே என்.எச். 44-ல் தருமபுரி மாவட்டத்திலும் ஒரு தொப்பூர் இருக்கிறது. விபத்துகளுக்குப் பேர்போன கணவாய் அது. 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூர் மதுரைக்குத் தெற்கே இருப்பது. மேப்பில் பெயரை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்பினால் முன்னூறு கிலோமீட்டருக்கு முன்பே "வந்துவிட்டது" என்று சொல்லிவிடும்.

கடக்க வேண்டாம் என்றால்

பெங்களூரு, சேலம், கோவை, திண்டுக்கல் பக்கமிருந்து அலங்காநல்லூர் வருகிறவர் வைகையைப் பார்க்கவே தேவையில்லை. என்.எச். 44 வாடிப்பட்டி வரை வடகரையில்தான் வருகிறது. வாடிப்பட்டியிலோ, சற்றுத் தள்ளித் தனிச்சியத்திலோ இடதுபக்கம் பிரிந்தால் நேரே அலங்காநல்லூர். மதுரைக்குள் போய், செல்லூர் நெரிசலில் நுழைந்து, கூடல் நகர், சிக்கந்தர்சாவடி வழியாகத் திரும்ப வடக்கே வருவது வீண் வேலை. ஆனால் முதல்முறை வருபவர்களில் பலர் செய்வது அதைத்தான், ஏனென்றால் தலையில் பதிந்திருப்பது "மதுரை அலங்காநல்லூர்" என்ற ஜோடி.

வாடிப்பட்டியிலிருந்து அலங்காநல்லூர் பகுதி வழியாக, மேலூர் சாலையில் உள்ள தாமரைப்பட்டி வரை சுமார் 30 கி.மீ. நான்குவழிச்சாலை போடப்பட்டிருப்பதன் நோக்கமும் இதுதான். திண்டுக்கல்லில் இருந்து மேலூர், திருச்சி சாலைக்குப் போகும் லாரி மதுரைக்குள் வர வேண்டியதில்லை, சமயநல்லூர் வரைகூட வர வேண்டியதில்லை. இரு முனையும் வடகரை.

இந்தப் பக்கத்து உள்சாலைகளில் இறங்கினால் வேகத்தைச் சுத்தமாக மறந்துவிட வேண்டும். முல்லைப் பெரியாறு தண்ணீரால் விளையும் பூமி இது. 1895-ல் அணை கட்டி முடித்த நாள் முதல் வைகை வழியாக வந்து, பேரணையில் பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வழியே மேலூர் நோக்கி ஓடுகிறது பெரியாறு பிரதானக் கால்வாய். சாலை அந்தக் கால்வாயையும் கிளைக் கால்வாய்களையும் குறுகலான பாலங்களில் திரும்பத் திரும்பக் கடக்கும். எதிரே நெல் அறுக்கும் மெஷின் வந்தால் ஒரு வண்டி நின்றுதான் ஆக வேண்டும். தை மாதத்தில் தார் ரோட்டின் ஒரு பாதி களமாகிவிடும். காய்கிற நெல் மீது டயரை ஏற்றுவது எவ்வளவு தப்பு என்பது ஊர்க்காரர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் மீது பிரேக் பிடித்தால் வழுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடக்கத்தான் வேண்டும் என்றால்

மேற்கே ஒன்று, நடுவில் சில, கிழக்கே ஒன்று. மதுரையின் நெடுஞ்சாலைக் கணக்கு இவ்வளவுதான்.

மேற்கே இருப்பது என்.எச். 44-ன் பாலம். சமயநல்லூரில் பழைய திண்டுக்கல் ரோடு ஊருக்குள் பிரிகிறது. நான்குவழிச்சாலை வலதுபக்கம் ஒதுங்கி, வைகையைக் கடந்து துவரிமான் பக்கம் இறங்கி, தேனி சாலையைத் தாண்டி, தோப்பூர், கப்பலூர் வழியாகத் திருமங்கலம் போகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை மதுரையைத் தொடுவது இப்படி ஓரமாக உரசிக்கொண்டு போவதில்தான். விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் போகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். திருப்பரங்குன்றம், விமான நிலையம் போகிறவர்களும் இந்தப் பாலத்தில் ஆற்றைத் தாண்டிவிட்டுத் தெற்கிலிருந்து ஊருக்குள் நுழைவதே நல்லது. கேரளாவிலிருந்து போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ தேனி வந்து, மதுரைக்கு வரும் வண்டிகள் தென்கரையில் வந்து சேர்கின்றன. அவர்கள் அலங்காநல்லூர் போகணும் என்றால், நாகமலை புதுக்கோட்டை அருகே நான்குவழிச்சாலையில் ஏறி, வடக்கே திரும்பி, இதே பாலத்தைக் கடந்து தனிச்சியம் வரை வந்து பிரிவது தூரம் கூடுதலானாலும் நிம்மதியான வழி.

கிழக்கே இருப்பது ரிங் ரோடு. சென்னை, திருச்சியில் இருந்து மேலூர் வழியாக வரும் என்.எச். 38 வண்டிகளுக்கானது. உத்தங்குடியில் தொடங்கி, வண்டியூர் தாண்டி வைகையைக் கடந்து, விரகனூர் ரவுண்டானா, மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வரை சுமார் 27 கி.மீ. மதுரை மாநகராட்சி கடன் வாங்கிப் போட்ட சாலை இது. ஊருக்குள் லாரிகளை நுழையவிடாமல் செய்ததில் பெரும் பங்கு இதற்கு உண்டு. சிக்கல் விரகனூரில். ராமேஸ்வரம் சாலையும் ஊருக்குள் போகும் சாலையும் ரிங் ரோடும் அங்கே ஒன்றாக முட்டுகின்றன. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்ற விதி விரகனூரில் ஏட்டில் மட்டும் இருக்கிறது. பெரிய வண்டிக்கு முன்னுரிமை என்பதே நடைமுறை. காரில் இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டு பொறுமையாக நுழைவது உத்தமம்.

நடுவில் இருப்பவை ஊருக்குள் உள்ள பாலங்கள். பாத்திமா கல்லூரியில் இருந்து காளவாசல் போகும் பைபாஸ் ரோட்டுப் பாலம், யானைக்கல்லில் கல்பாலம், ஏ.வி. மேம்பாலம், ஓபுளா படித்துறைப் பாலம், குருவிக்காரன் சாலைப் பாலம். இவற்றில் மூத்தது ஏ.வி. பாலம். விக்டோரியா மகாராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் பெயரில் 1889-ல் வந்தது. மாட்டு வண்டிக்கும் ஜட்கா வண்டிக்கும் கட்டியதில் 135 வருடங்களுக்கு மேலாக ஊரே போய்வந்துகொண்டிருக்கிறது. அதைத் திட்டுவதில் நியாயமில்லை. நத்தம் சாலையில் 7.3 கி.மீ. நீளத்துக்கு மேம்பாலம் கட்டி 2023 ஏப்ரல் 8 அன்று திறந்தார்கள். நத்தம் பக்கமிருந்து தல்லாகுளம் வரை பறந்து வரலாம். பிறகு ஆற்றுக்கு வந்ததும் கோரிப்பாளையத்தில் நின்றாக வேண்டும். ஆற்றைக் கடக்கும் வழியை அகலப்படுத்தாமல் ஆற்றுக்கு வந்து சேரும் வழியை மட்டும் வேகப்படுத்தினால் இதுதான் நடக்கும். கோரிப்பாளையத்திலும் புதிய மேம்பாலத்துக்கான வேலையை ஆரம்பித்தது இந்தக் கணக்கு புரிந்த பிறகுதான்.

வெளியூர்க்காரர் இந்த நடுப்பாலங்களுக்கு வர வேண்டிய ஒரே காரணம், போகும் இடமே அங்கே இருப்பது. ஊரைத் தாண்டிப் போகிறவருக்கு இவை வழியே அல்ல. மேப் இரண்டு நிமிடம் மிச்சம் என்று காட்டினாலும் சரி.

ஆறு கணக்கை மாற்றும் நாட்கள்

மதுரையிலிருந்து சுமார் 70 கி.மீ. மேற்கே, ஆண்டிபட்டி அருகே இருக்கிறது வைகை அணை. 1959-ல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த எண்கள் செய்தியில் வந்தால், மதுரை வழியாகப் போகிறவர்கள் மேலோட்டமாகத் தாண்டிவிடக் கூடாது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு உபரி நீர் திறந்தால், ஊருக்குள் தாழ்வாக இருக்கும் கல்பாலத்தின் மீது தண்ணீர் ஏறும். போலீஸ் தடுப்பு போட்டுவிடும். கரையோரச் சாலைகளும் பாலங்களுக்கு அடியில் போகும் இடங்களில் மூடப்படும். அப்போது அந்த வண்டிகள் எல்லாம் மிச்சமுள்ள பாலங்களுக்கு வரும். மேற்கே துவரிமான் பாலமும் கிழக்கே ரிங் ரோடு பாலமும் உயரமானவை. மழை நாளில் யோசிக்காமல் அவற்றைப் பிடிப்பதே சரி.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது "முட்டளவுதானே" என்று இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டளவு ஓடும் தண்ணீருக்கு ஒரு காரை நகர்த்தும் பலம் உண்டு. தரை தெரியாத இடத்தில் பாலத்தின் ஓரமும் தெரியாது.

தண்ணீர் இல்லாமலே ஆறு மூடப்படும் நாட்களும் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது அழகர்கோவில் சாலை, தல்லாகுளம், கோரிப்பாளையம், ஏ.வி. பாலம் என்று வடகரையின் முதுகெலும்பே மக்கள் கையில். அந்த இரண்டு மூன்று நாட்களில் நகருக்குள் காரில் வரலாம் என்று நினைப்பதே தவறு. அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி அன்று கோரிப்பாளையமும் விரகனூர் வழியும் நெரியும். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள் தேனி சாலையை நிறைக்கும். அந்த வேன்களை ஓட்டுபவர்களில் பலர் இரவு முழுக்கத் தூங்காதவர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அப்புறம் பொங்கல். முதல் நாள் அவனியாபுரம், அது தென்கரை. மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர், இரண்டும் வடகரை. மூன்றையும் பார்க்க நினைப்பவர் முதல் நாள் மாலையே ஆற்றைக் கடந்து வடக்கே தங்கிவிட வேண்டும். கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் அலங்காநல்லூருக்குள் இல்லை, தள்ளி இருக்கிறது. பாரம்பரிய ஜல்லிக்கட்டு நடப்பது முனியாண்டி கோயில் அருகே ஊர் வாடிவாசலில். இரண்டையும் குழப்பிக்கொண்டு காலை ஏழு மணிக்கு எதிர்த்திசையில் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஊருக்குள் வெளி வண்டிகளை விட மாட்டார்கள். வெளியே நிறுத்திவிட்டு நடக்கத் தயாராக வர வேண்டும். திரும்பும்போது இன்னொன்று: குட்டி யானை, பிக்கப் வண்டிகளில் காளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கக் கூடாது. உள்ளே நிற்கும் மாடு மிரண்டால் அந்த வண்டியே ஆடும்.

சுங்கச்சாவடி: காசு மட்டுமல்ல பிரச்சினை

திண்டுக்கல்லைத் தாண்டியதும் கொடைரோடு சுங்கச்சாவடி. மதுரையைத் தாண்டியதும் கப்பலூர். அதற்குத் தெற்கே எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி. ஃபாஸ்டேக் இல்லாமல் அல்லது அதில் காசு இல்லாமல் போனால், 2025 நவம்பர் 15 முதல் ரொக்கமாகக் கட்டுபவருக்கு இரு மடங்கு, யுபிஐ மூலம் கட்டுபவருக்கு ஒன்றேகால் மடங்கு. தனியார் கார், ஜீப், வேன்களுக்கான வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்தது. 200 முறை அல்லது ஒரு வருடம், எது முன்னே வருகிறதோ அது. மாதம் ஒருமுறை பெங்களூருவில் இருந்து மதுரை வந்துபோகிறவருக்கு லாபம்தான். தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டுமே அது செல்லும், மாநில அரசு அமைப்புகள் வசூலிக்கும் இடங்களில் செல்லாது என்பதைப் பலர் சாவடியில் சண்டை போட்ட பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

கப்பலூரில் சில சமயம் வண்டிகள் நிற்பதற்கு ஃபாஸ்டேக் காரணமாக இருக்காது, போராட்டம் நடந்துகொண்டிருக்கும். திருமங்கலம் நகராட்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது இந்தச் சாவடி. நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ. தள்ளித்தான் சாவடி இருக்க வேண்டும் என்பது 2008-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் பொதுவான வரையறை. எழுத்துப்பூர்வக் காரணம் சொல்லி விலக்கு எடுத்துக்கொள்ளவும் அதே விதி இடம் கொடுக்கிறது. 60 கி.மீ.க்குள் ஒரு சாவடிதான் இருக்கும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச்சில் மக்களவையில் சொன்னார். திருமங்கலத்துக்காரர்கள் சாவடியை மாற்றச் சொல்லிப் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். 20 கி.மீ.க்குள் இருப்பவர்களுக்கு மாதப் பாஸ் உண்டுதான். பக்கத்து ஊருக்கு மாவரைக்கப் போவதற்குப் பாஸ் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 2025 ஜூலையில் கப்பலூர் முதல் நாங்குநேரி வரை நான்கு சாவடிகளுக்கும் அரசு போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய் என்ற வழக்கில், அரசு பஸ்களை அனுமதிக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு அவகாசம் கேட்டதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. நடுவில் தவித்தது பஸ்ஸில் போகிறவர்கள்.

இந்தச் சண்டையை "உள்ளூர்க்காரங்க ஓசியில போகணும்னு கேக்குறாங்க" என்று வெளியூர்க்காரர் எளிதாகக் கடந்துபோகலாம். ஆனால் அவர்கள் ஊரை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் சாலையில் வேகம் வெளியூர்க்காரருக்குக் கிடைக்கிறது, ஆபத்து உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கிறது. அதற்கு மேல் கட்டணமும் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆறு மட்டுமா குறுக்கே?

வாடிப்பட்டி முதல் திருமங்கலம் வரை இந்தச் சாலையைக் கடப்பவர்கள் யார் என்று ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் தெரியும். தனிச்சியத்தில் பஸ் ஏற வருபவர், நகரி, சமயநல்லூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர், துவரிமானில் வயலுக்குப் போகிற அம்மா, டிவிஎஸ் எக்ஸெல்லில் பால் கேனோடு போகிறவர், தோப்பூர் ஆஸ்பத்திரிக்கு வருபவர். வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம். நான்குவழிச்சாலை வருவதற்கு முன்பும் அவர்கள் கடந்துகொண்டுதான் இருந்தார்கள். சாலைதான் அவர்கள் குறுக்கே வந்தது.

கணக்கு இப்படி. ஒரு திசைக்கு இரண்டு தடங்கள், தலா 3.5 மீட்டர், கூடவே ஓரப்பட்டை. மொத்தம் எட்டு மீட்டருக்கு மேல். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் அதைக் கடக்க எட்டு விநாடி ஆகும். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த எட்டு விநாடியில் 220 மீட்டர் ஓடிவிடும். அவர் காலை எடுத்து வைக்கும்போது கார் கண்ணுக்கே தெளிவாகத் தெரியாத தூரத்தில் இருக்கிறது. "பார்க்காம குறுக்க வந்துட்டாங்க" என்று சொல்லப்படும் விபத்துகளில் பல, பார்த்துவிட்டுத்தான் வந்தவை.

ஓட்டுபவர் பக்கமும் கணக்கு சரியாக இல்லை. 100 கி.மீ. வேகத்தில் ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 40 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க மொத்தம் கிட்டத்தட்ட 100 மீட்டர் வேண்டும். இரவில் லோ பீமில் தெளிவாகத் தெரிவது அதில் பாதி தூரம்தான். 80-க்கு இறக்கினால் நிற்கும் தூரம் 70 மீட்டருக்குள் வரும். சமயநல்லூருக்கும் திருமங்கலத்துக்கும் இடையில் 100-க்குப் பதில் 80-ல் போனால் இழப்பது நான்கைந்து நிமிடம். கொடைரோட்டில் டீ ஆறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். கார் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தால் நெடுஞ்சாலை கார்களுக்கானது போலத் தெரியும். இறந்தவர் பட்டியலைப் பார்த்தால் அப்படித் தெரிவதில்லை.

ராங் சைடில் வரும் பைக்குகளைப் பற்றிப் புலம்பாத டிரைவர் கிடையாது. புலம்பல் நியாயமானது. ஆனால் அந்த பைக் ஏன் வருகிறது? எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்கு முறையாகப் போக வேண்டுமென்றால், அடுத்த இடைவெளி வரை இரண்டு கிலோமீட்டர் போய், திரும்பி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுபோனால் அதற்கும் நெடுஞ்சாலையில்தான் ஏறணும். நடைமேம்பாலம் கட்டினால் ஏறுவதில்லை என்கிறார்கள். கறவை மாட்டையும் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு எந்தப் படியில் ஏறுவது? ஊர்கள் உள்ள இடங்களில் வண்டி கீழே போகும்படி சுரங்கப்பாதையும், அறுபடாத சர்வீஸ் ரோடும், பஸ் ஒதுங்கி நிற்க இடமும்தான் தேவை. கட்டணம் வாங்கும் சாலையில் இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கப்பலூர் விஷயத்தில் சாவடியை எங்கே வைப்பது என்ற ஒரே கேள்விக்குள் பேச்சைச் சுருக்கிவிட்டது. கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊர் மக்கள் பத்திரமாகக் கடப்பதற்குச் செலவானது என்ற கேள்வியை யாராவது கேட்டால்தான் வழி பிறக்கும்.

அதுவரை ஓட்டுபவர் செய்யக்கூடியவை சில. வலது தடம் முந்துவதற்கு மட்டும் என்றாலும், லாரிகள் அங்கேயே ஊர்ந்துகொண்டிருக்கும். இடதுபக்கம் முந்தும் ஆசை வரும். அந்த இடது ஓரத்தில்தான் விளக்கில்லாமல் நிற்கும் லாரியும், ராங் சைடில் வரும் எக்ஸெல்லும், டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கும் பள்ளிப் பிள்ளையும் இருப்பார்கள். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கண் சொக்கினால் ஓரத்தில் நிறுத்தித் தூங்கக் கூடாது, பெட்ரோல் பங்க் அல்லது சாவடி ஓய்விடம் வரை போய் நிறுத்த வேண்டும். மார்கழி, தை விடியலில் சிறுமலை அடிவாரத்தில் பனிமூட்டம் இறங்கும். அப்போது ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது பின்னால் வருபவரைக் குழப்பும். லோ பீமும் குறைந்த வேகமும் போதும்.

விபத்து என்றால்

தமிழ்நாட்டு எல்லைக்குள் எங்கே அடிபட்டாலும், அவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை உண்டு. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய திட்டம் இது. கர்நாடகா, கேரளா பதிவெண் வண்டியில் வருபவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரை சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, பெயரைச் சொல்லும்படியும் வற்புறுத்தக் கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

ஆம்புலன்ஸுக்கு 108. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனாலோ, சாலையில் பள்ளம், விழுந்து கிடக்கும் சரக்கு, எரியாத விளக்கு என்றாலோ 1033. போன் பண்ணும்போது "மதுரை தாண்டி ஒரு பாலம் பக்கத்துல" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சாலை ஓரத்தில் தலைப்பகுதியில் மஞ்சள் அடித்த கிலோமீட்டர் கல் இருக்கும். கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கல்லும் இருக்கும். அதில் உள்ள எண்ணையும், போய்க்கொண்டிருந்தது திண்டுக்கல் திசையா திருமங்கலம் திசையா என்பதையும் சொன்னால் போதும்.